அம்மா வயிற்றுக் கல்

நம்ம வயசுக்காரிகள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் உடம்பில்தான் வந்து நிற்கிறது. சர்க்கரை, முழங்கால், அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றுக்குப் போகிற கதை. போன மாதம் நம்மில் ஒருத்திக்கு மூத்திரப்பையில் கல் என்றார்கள். உள்ளே குழாய் விட்டு, லேசரால் பொடியாக்கி எடுத்துவிட்டார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தாள். கல் இருந்த படத்தையும் கல் இல்லாத படத்தையும் செல்போனில் மாற்றி மாற்றிக் காட்டினாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டோம்.  "உனக்கென்ன, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொல்லாததை இப்போது எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சாயல்குடிக்கு மேற்கே எங்கள் ஊர். வீட்டில் நாலு பேர். அய்யா, அம்மா, நான், அய்யாவுக்கு மூத்த அக்காவான அத்தை. அத்தைக்குப் புருஷன் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. தம்பி வீடே அவளுக்கு வீடு. அரிசிப்பானை மூடியைத் திறப்பதும் மூடுவதும் அவள் கைதான்.

மிளகாய்ப்பழம் பறிக்கிற மாசி, பங்குனி மாதங்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தரை சிவப்பாகக் கிடக்கும். காற்று திரும்பினால் ஊரே தும்மும். பறித்த கையைக் கண்ணில் வைத்துவிட்டு நான் அழுவதும், அம்மா தேங்காயெண்ணெய் தடவுவதும் தினமும் நடப்பது. அந்த வருஷம் அம்மாவுக்குத்தான் எரிச்சல். கண்ணில் இல்லை.

"மொளகாயை அரைச்சு வச்ச மாதிரி இருக்கு மதினி" என்று அத்தையிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"சூடு. இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் கடுப்பு இல்ல? உப்புத் தண்ணி வேற" என்றாள் அத்தை.

ஊருணி வற்றியிருந்தது. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து குடம் நிரப்ப வேண்டும். அது கரித்தது. காய்ச்சிய செம்பின் உள்பக்கம் வெள்ளையாக ஏடு படியும். அதை நகத்தால் சுரண்டி எடுப்பேன். அம்மா அந்தத் தண்ணீரையும் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டும். போனால் எரியும். நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது ஒரு மடக்கு, அவ்வளவுதான்.

கக்கூஸ் என்று எந்த வீட்டிலும் கிடையாது. பெண்கள் விடிகிற முன்னாலும் பொழுது விழுந்த பிறகும் கருவேலங்காட்டுப் பக்கம் போவார்கள். அம்மாவால் அந்தக் கணக்குக்கு இருக்க முடியவில்லை. பட்டப்பகலில், அரை மணிக்கு ஒரு தரம், "ஏத்தா, வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். நான் பாதையைப் பார்த்து நிற்பேன். யாராவது வந்தால் இரும வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் ஆரம்பித்து, சட்டென்று நின்றுபோகும். அப்புறம் அம்மா எழுந்து, ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இடப்பக்கம் சாய்த்து நிற்பாள். மறுபடி கொஞ்சம் வரும். மறுபடி நிற்கும். அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குத் தெரியும்.

ஒருநாள் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். களத்தில் வற்றலைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"உங்காத்தா பகல்ல எத்தனை தடவை காட்டுக்குப் போறா?"

"எண்ணல அத்தை."

"அங்கன யாராச்சும் வாராகளா?"

"வந்தா நான் இருமுவேன்."

"நீ இருமுனா என்ன ஆகும்?"

"அம்மா எந்திரிச்சு வந்துரும்."

அத்தை என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. அன்று, அம்மாவுக்கு நன்றாகக் காவல் இருக்கிறேனா என்று விசாரிக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் ஏறுமுன்னே எழுந்து வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிந்தது அவள்தான். அந்தக் கறையில் அவள் விரல் நுனிகள் கறுத்துக் கிடந்தன. நெருஞ்சிமுள்ளைப் பொறுக்கி வந்து கஷாயம் வைத்தாள். சிறுபீளை வேர், நுங்கு, பார்லிக் கஞ்சி எல்லாம் கொடுத்தாள். அம்மா ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தாள். எந்த மருந்துக்கும் கடுப்பு கேட்கவில்லை. சாயல்குடியில் ஊசி போடுகிறவர் ஒரு சிவப்பு மிக்ஸர் கொடுத்தார். குடித்தால் ரெண்டு நாள் அடங்கும், அப்புறம் பழையபடி.

அத்தைக்கு வேறொரு கவலை இருந்தது. எனக்குப் பிறகு ஒரு ஆண் குழந்தை செத்துப் பிறந்தது. அப்போது எனக்கு நாலு வயது. மாட்டுவண்டியில் வைக்கோலை மாற்றி மாற்றிப் போட்டது மட்டும் ஞாபகம். அதற்கப்புறம் அஞ்சு வருஷமாக அம்மாவுக்கு வயிறு வரவில்லை. இந்தக் கடுப்பும் அந்தக் குறையும் ஒரே கோளாறு என்று அத்தை முடிவு கட்டினாள். ஜோசியர் நாகதோஷம் என்றார். ராமேசுவரத்தில் எல்லாத் தீர்த்தமும் ஆடி, நாகர் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

நாங்கள் மூன்று பெண்களும் போனோம். அய்யாவுக்குக் களத்தில் வேலை. ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம். அன்றைய பயணத்தில் அம்மா சந்தோஷமாக இருந்தாள். ரயிலில் கக்கூஸ் இருந்தது. அஞ்சு முறையோ ஆறு முறையோ போய்வந்தாள். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது கதவைத் திறந்து வந்து என் காதில், "கீழ கடலு தெரியுதுத்தா" என்று சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

கடலில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரப்புடவையோடு கோயிலுக்குள் போனோம். கிணறு கிணறாக வரிசை. மேலே நிற்பவர்கள் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஒரு கிணறு இனிக்கும், ஒன்று கரிக்கும். கல்தரை முழுக்கத் தண்ணீர். ஆறாவது, ஏழாவது கிணற்றிலேயே அம்மா என் கையை இறுக்க ஆரம்பித்தாள். வெளியே போக வழியில்லை. முன்னும் பின்னும் கூட்டம். கொஞ்சம் கழித்து அவள் கை தளர்ந்தது. குனிந்து, "ஈரத்தோட ஈரம். யாருக்குத் தெரியும்" என்றாள். அப்படியே ஒவ்வொரு கிணற்றிலும் வாளித் தண்ணீர் விழுகிற நேரம் பார்த்து நின்றுகொண்டாள்.

பாதிக் கிணறுகளைத் தாண்டியிருப்போம். அவள் பாதத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஒரு சிவப்புக் கோடு நெளிந்து போவதைப் பார்த்தேன். குங்குமம் கரைகிறது என்று நினைத்தேன்.

"அத்தை, அம்மா காலுல குங்குமம்."

அத்தை பார்த்தாள். அவள் முகம் போன விதம் இன்னும் தெரிகிறது.

"அடிப்பாவி, தீட்டோடயா உள்ள வந்தே?"

"தீட்டு இல்ல மதினி. குளிச்சுப் பத்து நாளாச்சு."

"பெறகு அது என்ன?"

"ஒண்ணுக்குல வருது."

"ஒண்ணுக்குல ரத்தம் வருமாக்கும்! சாமி காரியத்துல பொய் சொல்லாத."

அத்தை அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, வந்த வழியே கூட்டத்தைக் கிழித்து வெளியே கொண்டுவந்துவிட்டாள். மீதிக் கிணறும் இல்லை, நாகரும் இல்லை. அம்மா வெளியே ஒரு சுவர் ஓரமாக ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் அவள் புடவை காய்ந்து உப்புப் பூத்தது. திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ரத்தம் நிற்கவில்லை. ஒருநாள் களத்தில் சாக்குக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். அய்யா அன்றைக்கே வில்வண்டி பிடித்து, அப்புறம் பஸ்ஸில் ராமநாதபுரம் கொண்டுபோனார். பள்ளிக்கூடம் லீவு. அம்மாவுக்குத் துணை வேண்டும் என்று நானும் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஒண்ணுக்குப் போறப்போ பாதியில நின்னுபோகுதா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். "நின்னுரும். இப்படிச் சாஞ்சா மறுபடி வரும்." இடுப்பை இடப்பக்கம் சாய்த்துக் காட்டினேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இத்தனை நாளா இதை யாரும் கேக்கலையா?"

"கேக்கல" என்றேன்.

எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அய்யா வெளியே வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே இருந்தது டாக்டரம்மாவும் அம்மாவும் நானும் மட்டும். இடுப்பெலும்பு ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி. நடுவில், கீழே, முட்டை மாதிரி ஒரு வெள்ளை. அதற்குள் இன்னும் வெள்ளையாக ஒரு கோடு, மேலும் கீழுமாக நெளிந்து கிடந்தது.

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"லூப்பு போட்டிருக்கியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். என்னை வெளியே அனுப்பலாமா என்று யோசித்திருப்பாள். வெளியே அய்யா இருந்தார்.

"போட்டேன்" என்றாள். "ரெண்டாவது பிள்ளை செத்துப் பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. இன்னொண்ணு உண்டானா உசுரு தங்காதுன்னு பிரசவம் பார்த்த நர்சம்மா சொன்னாக. ரெண்டு மாசங் கழிச்சு அவுகட்டயே போய்ப் போட்டுக்கிட்டேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. மறு வருசம் போனப்போ லூப்போட நூலைக் காணோம், விழுந்திருக்கும்னு சொல்லிட்டாக."

"விழல. உள்ளயே துளைச்சுக்கிட்டு மூத்திரப்பைக்குள்ள போயிருச்சு. அதைச் சுத்தி உப்புப் படிஞ்சு படிஞ்சு கல்லாயிருக்கு. எத்தனை வாழைத்தண்டு குடிச்சாலும் இது கரையாது. திறந்துதான் எடுக்கணும். மதுரைக்கு எழுதித் தாரேன்."

அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுககிட்ட கல்லுன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

டாக்டரம்மா அய்யாவைக் கூப்பிட்டு, கல் என்று மட்டும் சொன்னார். அய்யா, "உப்புத் தண்ணிம்மா எங்க ஊரு" என்றார். படத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் மடி மீது வைத்துக்கொண்டு வந்தேன். "யாருட்டயும் சொல்லாத" என்று அம்மா சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தோம். எனக்கு நினைவிருப்பது பினாயில் வாடையும், காலையில் வருகிற ரொட்டியும் பாலும், ஆபரேஷன் அன்று அம்மாவைத் தள்ளிக்கொண்டு போன வண்டியின் ஒரு சக்கரம் கீச்சிட்டதும். முதுகில் ஊசி போட்டு, தொப்புளுக்குக் கீழே அறுத்துத் திறந்து எடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவள் வயிற்றில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். ரெண்டும் கட்டிலுக்கடியில் பாட்டில்களில் இறங்கின. நிறத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. முதல்நாள் நாவல்பழச் சாறு மாதிரி இருந்தது. மூணாம் நாள் ரோஸ். அஞ்சாம் நாள் வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை மாதிரி. அன்றைக்கு நர்சு என் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆனால் முதல்நாளே எல்லாம் ஆகிவிட்டது. ஆபரேஷன் முடிந்த சாயந்திரம் ஒரு சிப்பந்தி வந்து, "யாரு வீட்டுக்காரரு?" என்று கேட்டு, அய்யா கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார். கோழிமுட்டை அளவு கல், மஞ்சளும் வெள்ளையும். எடுக்கும்போது ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் நரம்பு ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது.

அய்யா அதை விரலால் தொட்டார். "இது என்னங்க, வயரா?"

பக்கத்தில் நின்ற ஒரு நர்சு சாதாரணமாகச் சொன்னாள். "லூப்புங்க. பிள்ளை வேணாம்னு போட்டுக்கிறது. அது இடம் மாறிப் போய்தான் கல்லு."

அய்யா கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தார். மேல்துண்டால் விரலைத் துடைத்தார். ஒரு விரலை மட்டும் ரொம்ப நேரம் துடைத்தார். அம்மா மயக்கத்தில் இருந்தாள். "அப்பப்ப தண்ணிய நனைச்சு உதட்டுல வை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் பன்னிரண்டு நாள் வரவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணின் தம்பிதான் எங்களுக்கும் சாப்பாடு வாங்கி வந்தான்.

தையல் பிரிக்கிறதற்கு முந்தின நாள், பெரிய டாக்டர் ரவுண்டு வந்தார். பின்னால் படிக்கிற பிள்ளைகள் கூட்டம். அவர்களுக்கு இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, அம்மா பக்கம் குனிந்தார்.

"ஒரு விஷயம் தெரிஞ்சுக்கம்மா. அந்த லூப்பு கர்ப்பப்பையை விட்டுப் போய் நாலு வருஷமாவது இருக்கும். உனக்குப் பிள்ளை இல்லாததுக்கு அது காரணமில்ல. போன பிரசவத்துல வந்த ஆபத்தைக்கூடப் பெரிய ஆஸ்பத்திரியில பார்த்தாச் சமாளிக்கலாம். உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டதா நர்சு சொன்னாங்க. வரச் சொல்லு, நானே சொல்றேன்."

"சரிங்க" என்றாள் அம்மா.

மறுநாள் மத்தியானம் அய்யா வந்தார். சவரம் பண்ணாத முகம். பெரிய டாக்டர் அதே வார்டில், நாலு கட்டில் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "அய்யா, அந்த டாக்டரு..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையில் எக்ஸ்ரே படத்தை உறையோடு திணித்து, "இதை மடங்காம வச்சுக்க" என்றாள். டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். கல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அத்தைக்கு அய்யா சொல்லியிருந்தார். அவள் அம்மாவுக்குப் பத்தியச் சாப்பாடு வைத்துக்கொண்டு வந்து, தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "அஞ்சு வருசமா நான் கும்பிட்ட சாமியெல்லாம் சிரிச்சிருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அப்புறமும் அவளே காயத்துக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

அய்யா ஒரே ஒரு தடவை கேட்டார். "என்ட்ட சொல்லல."

"சொல்லல" என்றாள் அம்மா.

ஆடி முடிவதற்குள் கடலாடிப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்தாள் அத்தை. அய்யா அதை அம்மாவிடம் சொன்ன காலை எனக்கு அப்படியே இருக்கிறது. அம்மா சுளகில் வற்றலைப் புடைத்து, காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அய்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"அக்கா இப்படிச் சொல்லுது. நீ என்ன சொல்ற?"

அம்மா கிள்ளிக்கொண்டே இருந்தாள். அய்யா போகாமல் நின்றார். அவர் காத்திருந்தார் என்பதை இப்போது சொல்ல முடிகிறது. அன்று, வெளியே கிளம்பியவர் எதையோ மறந்துவிட்டு நிற்கிறார் என்று நினைத்தேன்.

"செய்ங்க" என்றாள் அம்மா.

அவர் இறங்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். காட்டு வரப்பில் எட்டிப்பிடித்தேன். எனக்கு எல்லாம் தெரியும். டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் வாயில் இருந்தது. லூப்பு அங்கே இல்லை, அது காரணம் இல்லை.

"அய்யா."

"என்னத்தா?"

அம்மா என் கையில் படத்தைத் திணித்தது ஞாபகம் வந்தது.

"ஒண்ணுமில்ல."

"வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சின்னம்மா வந்தாள். நல்ல மாதிரிதான். அம்மாவும் நானும் ஊரின் கீழ்க்கோடியில் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போனோம். அய்யா நெல்லும் வற்றலும் அனுப்புவார். அவர் வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பொங்கலுக்கு மட்டும் என்று ஆயிற்று. சின்னம்மாவுக்கு ரெண்டு பையன்கள் பிறந்தார்கள். அத்தை அவர்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகத்தான் கோயிலுக்குப் போவாள். அம்மா எட்டிப் பார்த்து, "கண்ணு பட்டுரும், மை வைங்க மதினி" என்பாள்.

அந்தத் தம்பிகள் எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் கிடந்தார்கள். ஒரு கிரகணத்தன்று சூரியனைப் பார்க்க எக்ஸ்ரே படம் வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தேடினார்கள். எங்கள் வீட்டில் இருந்தது. மூன்று பேரும் வாசலில் நின்று அம்மாவின் இடுப்பெலும்பு வழியாகச் சூரியனைப் பார்த்தோம். சின்னவன், "அக்கா, இதுல பாம்பு இருக்கு" என்றான். அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். படம் பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீடு மாறியதில் போயிருக்கும்.

நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, ராமநாதபுரத்தில் குடியிருந்து, அம்மாவையும் கூட்டி வந்துவிட்டேன். அய்யா இறந்தபோது போனோம். அம்மா மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நான் அழவில்லை.  அந்த வரப்பில் நான் வாயைத் திறந்திருந்தால் அய்யா எங்களோடு இருந்திருப்பார். ஒன்பது வயதிலிருந்து இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் மரத்துப்போனால் நாம் ஊன்றி நடப்பதில்லையா, அப்படி நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் கடைசி வருஷத்தில், ஒருநாள் காலை அவளை நாற்காலியில் உட்கார வைத்து, காலைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். குனிந்திருந்ததால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"அந்த டாக்டரு சொன்னதை ஏம்மா அய்யாட்ட சொல்லல?"

எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா?"

"அய்யா போயிருக்க மாட்டாக."

"போயிருக்க மாட்டாக" என்றாள். "அடுத்த வருசமே எனக்கு வயிறு வந்திருக்கும்."

நான் நகவெட்டியை நிறுத்தினேன்.

"லூப்பு விழுந்துருச்சுன்னு சொன்ன நாள்லேருந்து மாசா மாசம் தூரத்துக்கு வாறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காதுத்தா. உங்கத்தை வரக்கூடாதுன்னு கும்பிடுவா. நான் வரணும்னு கும்பிடுவேன். ஒரே விளக்குதான். பெரிய ஆஸ்பத்திரியில பார்த்தாச் சமாளிக்கலாம்னாரு அந்த டாக்டரு. சாயல்குடியிலேருந்து மதுரைக்கு வலியோட எப்படிப் போறது? வைக்கலை மாத்த மாத்த ரத்தத்துல நனைய, வண்டியில கெடந்தவ நானு. உனக்கு ஒம்பது வயசு. நான் செத்துருந்தா உன்னை யாரு வளத்திருப்பா?"

"அய்யா மேல ஆசை இல்லையா உனக்கு?"

"இல்லாமலா? அவுக அன்னைக்கு வாசல்ல நின்னாக பாரு, அப்ப என் வாய் வரைக்கும் வந்துருச்சு. மொளகாக் காம்பை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டேன்."

அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நான் சொல்லாததாலதான் அய்யா போனாகன்னு நெனச்சேன். இத்தனை வருசமா."

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"நீயா? நீ என்னத்தா பண்ணே? அது நான் எடுத்த முடிவுல்ல?" கொஞ்சம் யோசித்து, "நீ கேக்கவே இல்லையே" என்றாள்.

உண்மைதான். கேட்கவில்லை. ஓட்டு வீட்டில் ஒரே பாயில் பத்து வருஷம் படுத்திருந்தோம். அப்புறம் என் வீட்டில், அடுத்தடுத்த அறையில். கேட்கவில்லை.

பெரிதாக ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அம்மா, "சூடை இருந்தா வாங்கு, முள்ளு எடுத்துத் தின்னுக்கிருவேன்" என்றாள். "இந்தா முடிச்சிட்டு வாரேன்" என்றேன். இன்னும் ரெண்டு விரல் பாக்கி இருந்தது. அவளுடைய சுண்டுவிரல் நகம் கல் மாதிரி கெட்டி. தோலில் படாமல், மெதுவாக வெட்டினேன்.